சுனையில் ஒரு கரண்டி பவுடர்

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்க்காரர்கள் வாயில் என் பதவிக்குப் பெயர் பவுடர்காரர். கிணறு, மேல்நிலைத் தொட்டி, திருவிழாப் பந்தல், வெள்ளம் வடிந்த தெரு என்று எங்கே அனுப்பினாலும் பிளீச்சிங் பவுடர் பையோடுதான் போய் இறங்குவேன். விழுப்புரம் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓய்வு பெற்றேன். மாவட்டத்தைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள்; கொசு அப்படியேதான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் என் தோள்பையில் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் பவுடர். இன்னொன்று, தண்ணீரில் மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சின்னப் பெட்டி. கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூடக் கை கழுவும் குழாயில் ஒரு சொட்டுப் பிடித்துப் பார்ப்பேன். என் மனைவிக்கு மானம் போகும். பழகிவிட்டது, விட முடியவில்லை. சிலர் வெற்றிலை போடுவதில்லையா, அந்த மாதிரிதான்.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் ஒரு குடில் கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற மாதிரி நடத்தப் போகிறேன் என்றாள். மண் சுவர், மூங்கில், புல் கூரை. பிளாஸ்டிக் கிடையாது, சோப்பு கிடையாது. இதற்குக் காசு கொடுத்து யார் வருவார்கள் என்று கேட்டேன். வருவாங்கப்பா என்றாள். மனைவி ஒரு வாரம் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாள்.

மலையில் வெளியாள் நிலம் வாங்க முடியாது. இடம் ஒரு மலைக்கார அம்மாவுடையது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. புருஷன் இல்லை, பிள்ளைகள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். குடிலும் அவர் பேரிலேயே இருக்கும், எடுத்து நடத்துவது என் மகள் என்று பேச்சு. பேச்சுதான், காகிதம் எதுவும் இல்லை. அந்த அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. குடிலுக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு சுனை இருக்கிறது. அவர் வீட்டுக்கும் குடிலுக்கும் குடிதண்ணீர் அதுதான். அந்தச் சுனையில் எதுவும் விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

இதை மகள் போனில் எனக்கு மூன்று தடவை சொன்னாள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் என்று நான் மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டேன். மருந்து அந்தப் பட்டியலில் வராது என்று நானாகவே முடிவும் செய்துகொண்டேன். உத்தரவை நமக்கு வசதியாகப் படிப்பதில் எங்கள் துறைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

முதல் விருந்தாளிகள் ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் நீங்க வந்து ரெண்டு நாளு தங்கிப் பாருங்கப்பா, குறை எல்லாம் சொல்லுங்க என்று கூப்பிட்டாள். குறை கண்டுபிடிக்க என்னைவிடத் தோதான ஆள் இந்த ஜில்லாவில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவள் வேலையை விட்டதிலிருந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. மனைவி வரவில்லை. தண்ணீர் ஊற்றாத கக்கூஸ் என்று கேள்விப்பட்டதுமே முழங்கால் வலி வந்துவிட்டது அவளுக்கு.

வியாழக்கிழமை காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பும் மக்காச்சோளமும். அதற்கப்புறம் அணை, பிறகு வளைவுகள். பஸ்ஸில் ஆட்டுக்குட்டி ஒன்று என் செருப்பை மென்றுகொண்டே வந்தது. இறங்கியதும் மகள் நின்றிருந்தாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள். அதைச் சொல்லக் கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்ததால் சொல்லவில்லை.

குடிலை நான் அதிகாரி கண்ணோடுதான் பார்த்தேன். வேறு கண் எனக்கு இல்லை. மண் சுவர் வழவழப்பாக இருந்தது, விரல் விட்டுப் பார்த்தேன், பூச்சி ஓட்டை இல்லை. சாணி மெழுகிய தரை. ஓடையின் மேல் நீட்டிக்கொண்டு ஒரு பலகை வராந்தா. அதில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தண்ணீர் போகும். பாத்திரம் கழுவச் சாம்பலும் தேங்காய் நாரும், குளிக்க அரப்புத் தூள், விளக்குக்குச் சோலார். குளித்த தண்ணீர் நேராக ஓடைக்குப் போகாமல், ஜல்லி கொட்டி நாணல் நட்ட பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. அது சரியான வேலை. எந்தப் பொறியாளர் போட்டுக்கொடுத்தார் என்று கேட்டேன். தானே படித்துப் போட்டதாகச் சொன்னாள்.

பிறகு கக்கூஸ். இரண்டு குழி, மேலே பலகை. போய் வந்ததும் ஒரு கொட்டாங்கச்சி சாம்பலும் மரத்தூளும் போட வேண்டும். கால் கழுவுவது தனியிடம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊர் ஊராகப் போய், ஆள் வந்து அள்ளுகிற எடுப்புக் கக்கூஸை இடித்தவன். என் மகளே ஒன்று கட்டி வைத்திருக்கிறாள். வாசலில் நின்று ஈ எண்ணினேன். கால் மணி நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. மோந்து பார்த்தேன், மழை பெய்த மரப்பட்டறை வாசனைதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

குடிலின் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருந்தாள். தங்குகிறவர்களுக்கான குறிப்புகள், அவள் கையெழுத்தில், பத்துப் பன்னிரண்டு வரி. சோப்பு பயன்படுத்த வேண்டாம் என்ற முதல் வரியைப் படித்தேன். மிச்சமும் அந்த மாதிரிதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எத்தனையோ கதவுகளில் எத்தனையோ நோட்டீஸ் ஒட்டியவன் நான். ஜனங்கள் முதல் வரிக்கு மேல் படிப்பதில்லை என்று வாராந்திரக் கூட்டத்தில் புலம்பியவனும் நான்தான்.

சாயந்திரம் சாமை சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எப்படிப்பா இருக்கு எல்லாம் என்று கேட்டாள். நான் பேசாமல் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு பழக்கம். மேலதிகாரி கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். பாதிக் கேள்விகள் கேட்டதோடு மறந்து போகும். வாயைக் கொடுத்தால்தான் வம்பு. இரண்டாம் தடவை கேட்டால் மட்டும் பதில். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்காமல் நான் தப்பித்தது இந்த ஒரு வித்தையால்தான். வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. மகளுக்கு இது தெரியும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். பரவாயில்லை என்றேன். என் வாயிலிருந்து அது பெரிய சர்டிபிகேட் என்பதும் அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மலைக்கார அம்மாவை அன்றைக்கே பார்த்துவிட்டேன். அவர் வீடு கூப்பிடு தூரத்தில். குள்ளம், கூர்மையான பார்வை, அதிகம் பேசாதவர். விடிந்ததும் சுனையில் முதல் குடம் அவர்தான் எடுப்பாராம். அந்த வீட்டில் மூத்த பெண் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும் என்று வழக்கம். குடத்தைச் சாய்ப்பதற்கு முன்னால் குனிந்து உள்ளே பார்ப்பாராம். சுனைக்குள் விரல் நீளத்துக்கு ஆறேழு மீனும் ஒரு நண்டும் இருந்தன. அவை இருக்கிற வரைக்கும் தண்ணீருக்கு ஒன்றும் இல்லை என்று அந்த வீட்டுக் கணக்கு. மகள் இதைப் பெருமையாகச் சொன்னாள். ஆய்வுக்கூடம் வைத்து நாங்கள் செய்கிற வேலையை மீனை வைத்து முடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

அன்று இரவு நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை சுனையைப் போய்ப் பார்த்தேன். லேசாகக் கலங்கியிருந்தது. மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து இறங்கிய தடம் பாறையில் தெரிந்தது. மேலே ஆடு மேய்கிற இடம் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை எங்கே போகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து மகள் வந்து, நாளைக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையோடு வருகிறார்கள், பழைய வேட்டி இருந்தால் கிழித்துத் தொட்டில் கட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கைக்குழந்தை என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் மழைக்கு அடுத்த வாரம் வாந்திபேதி. நான் பவுடர் போட ஒரு நாள் தாமதமாகப் போனேன். ஜீப் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்தேன், அது உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. பாதி வழியில் அதன் கை என் முழங்காலின் மேல் விழுந்தது. அந்தப் பெண் அதை எடுத்து மடியில் வைத்துப் புடவையால் மூடினாள். எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் புரியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். அன்றிலிருந்து மழை பெய்தால் எனக்குத் தூக்கம் கிடையாது.

மலைக்கார அம்மா முதல் குடம் எடுத்துப் போயிருந்தார். மகளும் அவரும் கிழங்கு பிடுங்க மேட்டுக் காட்டுக்குப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். பையில் டப்பா இருந்தது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மூங்கில் குச்சியை விட்டு ஆழம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், எத்தனை லிட்டர் என்று மனக்கணக்குப் போட்டேன். கலங்கல் தண்ணீர் என்றால் மருந்து இரட்டிப்பு. ஒரு கரண்டிப் பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் சுனையில் ஊற்றிக் குச்சியால் கலக்கினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு பெட்டியைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டேன். மஞ்சள் ஏறியது, மருந்து போதும் என்று அர்த்தம். எந்தக் குழந்தைக்கும் இனி ஒன்றும் ஆகாது. பலகை வராந்தாவில் போய்க் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெகு நாளைக்குப் பிறகு ஒரு வேலை முடித்த திருப்தி. மீன் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

கிழங்குக் கூடையோடு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா இரண்டாம் குடம் எடுக்கச் சுனைக்குப் போனார். பிறகு என் மகளைக் கூப்பிட்டார். சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். நானும் எழுந்து போனேன்.

மீன்கள் மேலே மிதந்துகொண்டிருந்தன, வெள்ளை வயிறு தெரிய. நண்டு தண்ணீரை விட்டு ஏறிப் பாறை மேல் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டுக் கீழே விட்டார். என் மகள் மோந்து பார்க்கத் தேவையில்லை. அந்த வாடை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளை விடப் போகும்போது என் சட்டையிலிருந்து அடித்த வாடை அது. என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"யாரு போட்டது?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முதல் கேள்வி அது. என் நாக்கு இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்தது.

"நாந்தான் பெரீம்மா" என்றாள் மகள். "கக்கூஸ் பக்கம் தெளிக்க பவுடர் கலக்குனேன். அதே பக்கெட்ட மறந்துபோயி இதுல முக்கிட்டேன்."

எனக்குக் கேட்டது. சொன்னது பொய் என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் நான். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடம் சாய்ந்து கிடந்தது. ஒரு குடம் நிறைகிற நேரம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் அங்கேதான் நின்றேன்.

"உன்கிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னேன் பாப்பா" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிடு. சாமான எடுத்துக்கினு கீழ போயிடு."

மகள் தலையை ஆட்டினாள். இரண்டு வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான் பதில். அழவில்லை. குனிந்து செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"போட்டது நான்தாங்க" என்றேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்பயிலேர்ந்து இங்கதான நின்னுக்கினு இருக்கீங்க" என்றார்.

மழை, ஆட்டுப் புழுக்கை, கைக்குழந்தை என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. போய் ஒரு வாளியும் கயிறும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அடிப்பாறை தெரிகிற வரைக்கும் இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீரில் ஒரு சொட்டும் ஓடையில் போகக் கூடாது. மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாந்தரையில் கொட்ட வேண்டும். மற்ற யாரும் கை வைக்கக் கூடாது. இரவில் ஊறுகிற தண்ணீரைக் காலையில் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் மகள் இருப்பதா இறங்குவதா என்று சொல்வார். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு அதிகாரி இவ்வளவு தெளிவாக உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை.

இறைத்தேன். எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, முதுகில் பழைய பிடிப்பு ஒன்று உண்டு. வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறி, கொட்டி, இறங்கி வர வேண்டும். முதல் இருபது வாளி வரைக்கும் எண்ணினேன். ஊற்று ஒரு பக்கம் ஊறிக்கொண்டே இருந்தது, நான் ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே இருந்தேன். மகள் உதவிக்கு வரவில்லை. வரக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, பிடுங்கி வந்த மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு விருந்தாளிகள் வருவார்களோ மாட்டார்களோ, கிழங்கு தயாராக இருக்க வேண்டும்.

மத்தியானம் துண்டு எடுக்கக் குடிலுக்குள் போனேன். கதவை மூடியதும் அந்த அட்டை கண்ணுக்கு நேராக வந்தது. மூச்சு வாங்கியது, நின்றேன், நின்றதால் படித்தேன். ஏழாவது வரி: மழை பெய்தால் அடுத்த மூன்று நாட்களுக்குச் சுனைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் குடிக்கத் தருவோம். எட்டாவது வரி: கைக்குழந்தைகளுக்கு எப்போதுமே கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

அவள் சின்னவளாக இருந்தபோது மழை நாளில் நான் வீட்டில் சொல்கிற வார்த்தைகள் அவை, ஒரு எழுத்து மாறாமல். நான் என்ன சொல்லி வளர்த்தேனோ அதை எழுதிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். நான் முதல் வரியோடு விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெரிய வார்த்தை தேட வேண்டியதில்லை, வெட்கம்தான். துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி இறைக்கப் போனேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அடிப்பாறை தெரிந்தது. ஊற்று வருகிற பாறைப் பொந்தில் ஒரு மீன் உயிரோடு இருந்தது. தப்பித்து உள்ளே ஒதுங்கியிருக்கிறது. அதைக் கையால் பிடித்து, பவுடர் கலக்காத ஓடைத் தண்ணீர் எடுத்த சட்டியில் விட்டேன். அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்தார், சட்டியையும் பார்த்தார், போனார். அன்றைக்கு எனக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், படுத்தேன். உடம்பு வலியில் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் சுனைக்குப் போனோம். முக்கால்வாசி ஊறியிருந்தது. பளிங்கு மாதிரித் தெளிவு. அந்த அம்மா முதல் குடத்தைச் சாய்த்தார். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். என் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் நின்றேன். இந்தத் தடவை என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா சட்டியிலிருந்த மீனைச் சுனையில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொந்துக்குள் போனது.

"இரு பாப்பா" என்றார். "போயி வேலையப் பாரு."

நான் அங்கேயே பாறையில் உட்கார்ந்தேன். மகள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் அடுப்பு மூட்டினாள். விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற அண்டாவை அதில் ஏற்றினாள்.

முற்பகல் பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். மகள் பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தாள். விருந்தாளிகள் காரில் வருகிறார்கள், வழி காட்ட அவள் அங்கே நிற்க வேண்டும், அதனாலும் வந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. நாணல் பள்ளத்தில் ஜல்லி இன்னும் கொஞ்சம் போட வேண்டும், சுனைக்கு மேட்டுப் பக்கம் ஒரு வரப்பு கட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே வராது, அடுத்த மாதம் வந்து நானே கட்டித் தருகிறேன் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த மாசம் வர வேணாம்ப்பா" என்றாள்.

இனிமேல் பையில் டப்பா எடுத்து வர மாட்டேன் என்றேன். அது இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"பவுடர் போட்டது பழக்கதோஷம். அத நான் அப்பவே மனசுலேர்ந்து விட்டுட்டேன். நான் பொய் சொல்லிக்கினு நிக்கறேன், நீங்க பாத்துக்கினு நின்னீங்க. அதுதாம்ப்பா போவ மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னால் எனக்குப் பழக்கம் உண்டு. ஓட்டல்காரர்கள், விடுதிக்காரர்கள், ஐஸ் கம்பெனிக்காரர்கள் என்று எத்தனையோ பேர் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துழைப்புத் தரவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரமே மறுபடி போய் நிற்பேன். அன்றைக்கு அவளிடம், எப்போது வரலாம் என்று கேட்டேன். சொல்றேம்ப்பா என்றாள்.

கார் முதலில் வந்தது. பின் சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. குழந்தை கண்ணாடியில் கை வைத்து அடித்துக்கொண்டிருந்தது. என் மகள் முன்னால் ஏறிக்கொண்டாள். பஸ் வரும்வரை நான் அந்த ரோட்டில் நின்றேன். பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆகிறது. குடில் நன்றாக நடக்கிறது என்று கேள்வி. மனைவி முழங்கால் வலியோடு இரண்டு தடவை போய்விட்டு வந்துவிட்டாள். கக்கூஸில் வாடையே இல்லை என்று தெருவெல்லாம் சொல்கிறாள். சுனைக்கு மேட்டுப் பக்கம் வரப்பு கட்டியாயிற்றாம், மகளும் அந்த அம்மாவும் சேர்ந்து கட்டினார்களாம். சுனையில் மறுபடியும் மீன் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போன் செய்கிறாள். மாத்திரை போட்டீங்களா, முதுகு எப்படி இருக்கு என்று கேட்கிறாள். இப்போதெல்லாம் அவள் எதைக் கேட்டாலும் முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். சில சமயம் அவள் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கப்பா என்று மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை.